விருந்தாளி கிளம்பியதுமே அறை தயார்

கும்பகோணத்தில் வீடு இருந்தால் விருந்தாளிக்குப் பஞ்சமே இல்லை. முகூர்த்தத்துக்கு வருகிறவர்கள், நவகிரகக் கோயில் சுற்ற வருகிறவர்கள், குருப்பெயர்ச்சிக்கு ஆலங்குடி, சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாறு என்று கிளம்பி வழியில் நம் வீட்டில் தங்குகிறவர்கள். "லாட்ஜ் எதுக்கு, உங்க வீடுதான் இருக்கே" என்பார்கள், நாமும் சந்தோஷமாகத் தலையாட்டுவோம். அப்புறம் முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்குத்தான் பரணிலிருந்து தலையணையை இறக்குவது, உறை எங்கே என்று பீரோவைக் குடைவது எல்லாம்.

ஹோட்டல்காரர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியது துண்டை அன்னப்பறவை மாதிரி மடிப்பது இல்லை (அதைப் பிரித்துத்தானே துடைத்துக்கொள்ள வேண்டும்!). அங்கே ஒருவர் காலி செய்த கையோடு அடுத்தவருக்கு அறையைத் தயார் செய்துவிடுகிறார்கள். வீட்டிலும் அப்படிச் செய்தால் பாதி அலைச்சல் போய்விடும். அதற்குத் துணிக் கணக்கு முக்கியம். ஒரு கட்டிலுக்கு 3 செட்: ஒன்று விரித்திருக்கும், ஒன்று துவைப்பில், ஒன்று அலமாரியில். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கொடியில் போட்டது காயவே காயாது என்பதால் எங்கள் ஊருக்கு நாலாவது செட்டும் தேவை.

வெள்ளை பெட்ஷீட் வாங்கலாமா என்றால், ஹோட்டலில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வெந்நீரிலும் ப்ளீச்சிலும் வெளுக்கலாம், அதனால் அவர்களுக்கு வெள்ளை வசதி. நம் வீட்டுக்கு வருகிறவர்கள் தலையில் தேங்காய் எண்ணெயும் நெற்றியில் குங்குமமுமாக அல்லவா படுக்கிறார்கள். நான் வெளிர் நிறத்தில் கட்டம் போட்டதாக வாங்குகிறேன். உறையில் எண்ணெய்க் கறை இருந்தால் பாத்திரம் கழுவும் திரவத்தைத் தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துவைத்தால் போகும். மஞ்சள் கறை சோப்பு பட்டதும் சிவந்துபோகும், பயப்படாமல் அலசி நல்ல வெயிலில் போடுங்கள், வெளுத்துவிடும். துண்டுக்கு மட்டும் வாசனைக் கண்டிஷனர் வேண்டாம், நூலில் படலம் மாதிரி படிந்து ஈரத்தை உறிஞ்சாமல் செய்துவிடும்.

அடுத்து வரிசை. முதலில் கழிப்பறைக்கு மருந்தை ஊற்றிவிட வேண்டும், தேய்க்காமலே பாதி வேலையை அது பார்க்கும் (ஆசிட்டையும் ப்ளீச்சையும் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு வரும், விஷம்). அது ஊறுவதற்குள் பழைய விரிப்பு கட்டிலில் இருக்கும்போதே ஃபேனைத் துடைத்துவிட்டால் விழுகிற தூசியெல்லாம் அதன் மேலேயே விழும், பழைய தலையணை உறைக்குள் ஒவ்வொரு இறக்கையாக நுழைத்து இழுத்தால் அதுவும் விழாது. அப்புறம் விரிப்பை உருவி, வாசலில் தொடங்கி ஒரே பக்கமாகச் சுற்றித் துடைத்துக்கொண்டு வந்து, தரையைக் கடைசியாகப் பின்னால் நகர்ந்தபடி முடிக்க வேண்டும்.

ஆள் வராத மாதங்களில் பூட்டிக் கிடக்கிற பாத்ரூமில் ஒரு நாற்றம் வருமே, அது பெரும்பாலும் அழுக்கு இல்லை. தரைக் குழாயின் வளைவில் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றிப்போய்ச் சாக்கடைக் காற்று மேலே வருகிறது, கரப்பானும் அந்த வழியாகவே வரும். வாரம் ஒருமுறை ரெண்டு மக் தண்ணீர் ஊற்றினால் போதும். இதற்கு அந்துருண்டை போடுவது எனக்குப் பிடிக்காது, ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கிற ஒரு என்சைம் பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ள குழந்தைகளுக்கு அது ரத்த அணுக்களையே உடைக்கும்.

எல்லாம் முடிந்ததும் அந்தக் கட்டிலில் நீங்களே ஒருமுறை படுத்துப் பாருங்கள். மூலை ஒட்டடை, கைக்கு எட்டாத லைட் சுவிட்ச், போன் சார்ஜ் போட இடமில்லாதது, பாத்ரூமில் ஈரத்துண்டு மாட்ட ஒரு ஆணிகூட இல்லாதது எல்லாம் அப்போதுதான் தெரியும்.

ஒரே சிக்கல் நம் அத்தைகள்தான். கிளம்பும்போது பயன்படுத்திய விரிப்பை அவ்வளவு அழகாக மடித்துத் தலையணை மேல் வைத்துவிட்டுப் போவார்கள், துவைத்ததா துவைக்காததா என்று யாருக்கும் தெரியாது. வேண்டாம் என்றால் மனசு கோணும். அதனால் மூலையில் ஒரு கூடை வைத்து, "அத்தை, இதில் போட்டுடுங்க" என்று முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

2028-ல் மகாமகம் வருகிறது. அதற்கு இந்தக் கட்டில் கணக்கெல்லாம் நிற்காது, கூடம் முழுக்கப் பாய்தான். தலையணை உறை மட்டும் இப்போதே சேர்க்க ஆரம்பித்திருக்கிறேன்.