செல்ஃப் அடிக்கிறது, எஞ்சின் பிடிக்கவில்லை: டர்போவைக் குறை சொல்வதற்கு முன்

பழைய டர்போ டீசல் கார் ஒன்று ஸ்டார்ட் ஆக மறுத்தால், எங்கள் பக்கத்தில் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடும். குளச்சலில் இருக்கும் என் அத்தானின் 2005ஆம் ஆண்டு வண்டிக்கும் அதே தீர்ப்புதான் கிடைத்திருந்தது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாக அடிக்கிறது, எஞ்சின் தாராளமாகச் சுழல்கிறது, ஆனால் பிடிக்கவில்லை. வந்து பார்த்த மெக்கானிக், “டர்போ போயிருக்கு அண்ணாச்சி, நாகர்கோவிலுக்குக் கட்டி இழுத்துட்டுப் போணும்” என்று சொல்லி, முப்பதாயிரத்துக்கு மேல் செலவாகும் என்றும் எச்சரித்திருந்தார். அவர் வாய்க்கு வந்ததைச் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. சில மாதங்களாகவே ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது வண்டியில் ஒரு விசில் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தக்கலையைத் தாண்டி மார்த்தாண்டம் போகும் வழியிலுள்ள ஏற்றங்களில் இழுவை குறைந்து கரும்புகையும் தள்ளியது. இவையெல்லாம் டர்போவைச் சுட்டும் அடையாளங்கள்தான். ஆனால் அவை ஓடும் வண்டியின் அடையாளங்கள். ஸ்டார்ட் ஆகாத வண்டியைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை.

டர்போவைச் சுழற்றுவது எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் புக்கி 1905இல் காப்புரிமை பெற்ற எண்ணத்தின் சாரமே, வீணாகப் போகும் புகையின் ஆற்றலைக் கொண்டு உள்ளே போகும் காற்றை அழுத்துவதுதான். முழுச் சுமையில் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் ஓடக்கூடிய அந்தச் சக்கரம், செல்ஃப் மோட்டார் எஞ்சினை நிமிடத்துக்கு 200 அல்லது 250 சுற்று வேகத்தில் திருப்பும்போது ஏறக்குறைய சும்மாதான் இருக்கும். ஏனெனில் எரிதலே தொடங்காத நிலையில் அதைத் தள்ளுவதற்குப் புகை இல்லை. ஸ்டார்ட் ஆகும் அந்தச் சில நொடிகளுக்கு எந்த டர்போ வண்டியும் டர்போ இல்லாத வண்டிதான். தனக்கு வேண்டிய காற்றைப் பிஸ்டன்களாலேயே இழுத்துக்கொள்கிறது. விதிவிலக்குகள் உண்டு. சீல் உடைந்து எண்ணெய், அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் தேங்கி, அது சிலிண்டருக்குள் போய் எஞ்சினையே இறுக்கிவிடலாம். உடைந்த துண்டுகள் காற்றுப் பாதையையோ புகைப் பாதையையோ அடைக்கலாம். அப்படி ஏதும் நடந்திருந்தால் செல்ஃப் அடிக்கும் சத்தமே மாறியிருக்கும், அல்லது குழாயைக் கழற்றியதும் எண்ணெய் கொட்டும்.

எனவே முதலில் ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்கு வரும் ரப்பர் குழாயைக் கழற்றி, விரலை உள்ளே விட்டுச் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தேன். தடையின்றிச் சுழன்றது. மேலும் கீழும் மயிரிழை அளவு ஆட்டம் இருந்தது. அது இயல்பு, ஏனெனில் அந்தத் தண்டு எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்க வேண்டியது. முன்னும் பின்னுமாக இழுத்தபோது ஆட்டம் இல்லை; அது இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். இறக்கைகளின் நுனி எங்கும் உரசிய தடம் தெரியவில்லை. டர்போவின் மீதான வழக்கு அத்துடன் முடிந்தது.

பேட்டரியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஓய்வில் 12.5 வோல்ட் காட்டியது, செல்ஃப் அடிக்கும்போது பத்துக்குக் கீழே இறங்கவில்லை. டாஷ்போர்டில் சாவிப் படமுள்ள இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) விளக்கும் எரிந்து ஒழுங்காக அணைந்தது.

அடுத்து நான் பார்த்தது சைலன்சரின் வாயை. இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை, ஆனால் பலரும் பார்ப்பதில்லை. ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டுப் பின்னால் நின்றால், டீசல் வாடையுடன் வெண்புகை வருகிறதா என்று தெரியும். வந்தால் எரிபொருள் சிலிண்டருக்குள் போகிறது, எரியவில்லை என்று பொருள். அப்போது கம்ப்ரஷனையும் (சிலிண்டருக்குள் காற்று அழுந்துவதையும்) வால்வு டைமிங்கையும் (வால்வுகள் திறந்து மூடும் நேரத்தையும்) சந்தேகிக்கலாம். குளிரில் ஸ்டார்ட் ஆவதற்காகச் சிலிண்டரின் உள்ளே சூடேற்றும் குளோ பிளக்கையும் இந்த இடத்தில் குற்றம் சாட்டுவது வழக்கம். குளிர்காலத்திலும் 20 டிகிரிக்குக் கீழே போவது அரிதான எங்கள் கடற்கரையில், நேரடி இன்ஜெக்‌ஷன் கொண்ட நல்ல எஞ்சின் குளோ பிளக் இல்லாமலேயே பிடித்துவிடும் என்பதால், அதை வரிசையின் கடைசியில் வைப்பேன். அத்தானின் வண்டியில் புகையே இல்லை. டீசல் சிலிண்டருக்குள் போகவே இல்லை.

இந்த வண்டியில் இருப்பது முதல் தலைமுறை காமன் ரெயில். பயணிகள் கார்களில் 1997இல் அறிமுகமான இந்த முறையில், உயரழுத்த பம்ப் டீசலை ஒரு பொதுக் குழாயில், அதாவது ரெயிலில், அழுத்தி வைக்கும். முதல் தலைமுறையில் அதன் உச்ச அழுத்தம் 1350 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). எப்போது, எவ்வளவு டீசலைத் தெளிப்பது என்பதை எஞ்சினின் கணினியான ஈசியு, தெளிப்பான்களான இன்ஜெக்டர்களுக்கு மின்சாரம் கொடுத்துத் தீர்மானிக்கிறது. ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் அது இரண்டு செய்திகளுக்காகக் காத்திருக்கும்: எஞ்சின் சுழல்கிறது என்று கிராங்க் சென்சார் சொல்ல வேண்டும், ரெயிலில் போதிய அழுத்தம் இருக்கிறது என்று அழுத்தச் சென்சார் சொல்ல வேண்டும். அந்த அழுத்தம் பெரும்பாலும் 200 பாருக்குச் சற்று மேலே இருக்கும். அதை எட்டாதவரை, செல்ஃப் எவ்வளவு நேரம் அடித்தாலும் இன்ஜெக்டர் திறக்காது.

வண்டியே தன் கோளாறைக் கண்டறிந்து சொல்லும் பொது முறையான ஓபிடி கட்டாயமாவதற்கு முந்தைய காலத்து வண்டி என்பதால், கைபேசியோடு இணைக்கும் மலிவான அடாப்டருக்கு இது பதில் சொல்லவில்லை. மார்த்தாண்டத்தில் டீசல் பம்ப் வேலை பார்க்கும் நண்பரிடம் பழைய ஸ்கேனர் ஒன்றை வாங்கி வந்தேன். செல்ஃப் அடிக்கும்போது திரையில் சுற்று வேகம் 240ஐ ஒட்டி வந்தது. கிராங்க் சென்சார் நலம். எஞ்சின் நின்றிருக்கும்போது ரெயில் அழுத்தம் பூஜ்யத்தை ஒட்டியே காட்டியதால், அழுத்தச் சென்சார் பொய் சொல்லவில்லை என்றும் எடுத்துக்கொண்டேன். பிறகு மீண்டும் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். அழுத்தம் மளமளவென்று ஏறி, 100ஐ ஒட்டி நின்றுவிட்டது.

அந்த எண் நின்ற விதம்தான் எனக்கு எல்லாவற்றையும் சொன்னது. டீசல் ஃபில்டர் அடைத்திருந்தாலோ டீசல் குழாயில் ஏர் பிடித்திருந்தாலோ அழுத்தம் ஏறவே திணறும், அல்லது குதித்துக் குதித்து ஏறி இறங்கும். இன்ஜெக்டர் தேய்ந்து டீசலை டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் குழாயில் கசியவிட்டால், கசிவுக்குத் தக்கபடி எங்கேயாவது நிற்கும். சூட்டில் ஒரு எண், குளிரில் ஒரு எண் என்று மாறும். இங்கே ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், ஆணி அடித்ததுபோல நின்றது. இந்தத் தலைமுறையில் ரெயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வுக்கு மின்சாரம் கிடைக்காதபோது, அதை மூடி வைத்திருப்பது உள்ளே இருக்கும் ஸ்பிரிங் மட்டுமே. அந்த ஸ்பிரிங் தாங்கக்கூடியது சுமார் 100 பார். அதற்கு மேல் வரும் டீசல் எல்லாம் டேங்குக்கே திரும்பிவிடும். ஆக பம்ப் வேலை செய்கிறது, டீசல் வருகிறது, ஸ்பிரிங்கும் நன்றாக இருக்கிறது. வராதது மின்சாரம் மட்டும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. அம்பாசடர் காலத்துப் பழக்கத்தில், டீசல் வருகிறதா என்று பார்க்க இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்திவிட்டுச் செல்ஃப் அடிக்கச் சொல்லும் கைகள் இன்னும் உண்டு. காமன் ரெயிலில் அதைச் செய்யவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளி மட்டும் தெரியும், உள்ளே விரலையே இழக்கும் அளவுக்குச் சதை கெடும். ஸ்டார்டிங் ஸ்ப்ரே அடிப்பதும் குளோ பிளக் உள்ள எஞ்சினில் ஆபத்தான விளையாட்டு. தள்ளி ஸ்டார்ட் செய்வதில் பயனே இல்லை. செல்ஃப் நன்றாகச் சுழற்றும் எஞ்சினை ஆட்கள் சுழற்றினாலும் ஈசியு கேட்பது அதே அழுத்தத்தைத்தான்.

வால்வின் இரண்டு பின் பிளக்கைக் கழற்றி, சாவியைப் போட்டு மீட்டரை வைத்தேன். ஒரு பின்னில் முழுதாக 12 வோல்ட். இதைப் பார்த்து வயரிங் சரி என்று முடிவு கட்டி, அடுத்து வால்வையோ பம்ப்பையோ மாற்றுவதுதான் வழக்கம். ஆனால் மீட்டர் கரண்ட்டை ஏறக்குறைய எடுப்பதே இல்லை. ஒற்றை இழையில் தொங்கும் வயர்கூட அதற்கு 12 வோல்ட் காட்டும். வால்வின் காயில் சில ஓம் மட்டுமே கொண்டது, அதற்கு உண்மையான கரண்ட் வேண்டும். ஆகவே மீட்டரை எடுத்துவிட்டு, இண்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்பு ஒன்றை அந்தப் பின்னுக்கும் பேட்டரி எர்த்துக்கும் நடுவே இணைத்தேன். பல்பு எரியவில்லை. இழை சிவக்கக்கூட இல்லை.

அங்கிருந்து வயரை ஒட்டிப் பின்னோக்கிப் போனேன். பேட்டரித் தட்டுக்குப் பின்னால் வயர் கட்டு வளையும் இடத்தில் டேப்பைப் பிரித்தபோது, மேலுறை முழுதாகவே இருந்தது; ஆனால் வளைத்தால் உள்ளே மணல் நெரிவதுபோல விரலுக்குத் தெரிந்தது. உற்றுப் பார்த்தால் உறையில் ஊசி குத்திய ஒரு சிறு துளை. எப்போதோ யாரோ கரண்ட் வருகிறதா என்று பார்க்க ஊசியைக் குத்திவிட்டு அப்படியே விட்டிருக்கிறார்கள். கடலைப் பார்த்து நிற்கும் வண்டிக்கு அது போதும். இரண்டு பருவமழைக்கும் நனைந்து, உப்புக் காற்றும் ஈரமும் அந்தத் துளை வழியே இறங்கி, செம்பு இழைகளை ஒவ்வொன்றாகப் பச்சைப் பொடியாக்கியிருந்தன. உறையைக் கீறியபோது ஒன்றிரண்டு இழைகளே மிச்சம் இருந்தன.

செம்பு பளிச்சென்று தெரியும்வரை இரண்டு பக்கமும் வெட்டி, அதே தடிமனுள்ள வயரை இடையில் வைத்துச் சால்டர் செய்து, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடினேன். பல்பு இப்போது முழு வெளிச்சத்தில் எரிந்தது. பிளக்கை மாட்டிச் சாவியைத் திருப்பியதும் அழுத்தம் 100இல் நிற்காமல் தாண்டியது. 300ஐ நெருங்குவதற்குள் எஞ்சின் பிடித்துவிட்டது. அந்தக் கட்டில் வேறு துளைகள் இருக்கின்றனவா என்று தேடியபோது இன்னொரு வயரிலும் ஒன்று கிடைத்தது. அங்கே செம்பு இன்னும் கெடவில்லை, அடைத்துவிட்டேன். கியர்பாக்ஸிலிருந்து பாடிக்கு வரும் எர்த் பட்டையும் ஓரங்களில் பொரிந்திருந்ததால் அதையும் மாற்றச் சொன்னேன். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சிப் பக்கத்து வண்டிகளில் இந்தப் பட்டையை ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்ப்பது நல்லது.

மீதி இருந்தது அந்த விசில். எஞ்சினை ஓடவிட்டு, சோப்புத் தண்ணீரைக் குழாய்களின் மேல் தெளித்து ஆக்சிலேட்டரை ஏற்றியபோது, டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் குழாயின் அடிப்பக்கத்தில் நுரை தள்ளியது. கிளாம்ப் இறுகும் இடத்தில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. அழுத்திய காற்று அதன் வழியே வெளியேறியதால்தான் இழுவை குறைந்தது, கரும்புகையும் வந்தது. புதுக் குழாயும் கிளாம்ப்பும் நாகர்கோவிலில் உதிரிபாகக் கடையில் கிடைத்தன. டர்போ இப்போதும் வண்டியோடு வந்த பழையதேதான்.