ஹெட்போனுக்குள்ள மைக்

"ஏல, காதுல மாட்டுறதை மைக்குல மாட்டி வச்சிருக்க?"

பாளையங்கோட்டை வீட்டு மாடியில அக்கா மவன். ஹெட்போன் சத்தம் எப்படி வருதுன்னு அளக்குறானாம். பென்சில் தடிமன்ல, சத்தத்தை அளக்குறதுக்குன்னே ஒரு மைக். நுனி மட்டும் ஹெட்போன் பஞ்சுக்கு நடுவுல.

"மாமா, அந்தச் சன்னலைச் சாத்துங்க."

ஹெட்போன்ல 20 ஹெர்ட்ஸ்ல உறுமலா ஆரம்பிச்சு 20,000 வரைக்கும் ஏறுற ஊளை. அப்புறம் திரையில ஒரு கோடு, எந்த ஹெர்ட்ஸ்ல எவ்வளவு சத்தம்னு காட்டுறது. 150 ஹெர்ட்ஸ் பக்கம் நல்லாப் புடைச்சிருந்துச்சு. ஒவ்வொரு ஹெர்ட்ஸ் பக்கத்தையும் தனித்தனியா ஏத்தி இறக்குற ஈக்குவலைசர்ல அந்த இடத்தை மட்டும் 5 டெசிபல் இறக்கினான்.

கோடு முழுக்க மட்டமாயிட்டாப் போதுமான்னு கேட்டேன்.

கூடாதாம். நம்ம காதுமடலும் காதுக்குழாயும் 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் சத்தத்தைத் தானாவே தூக்கிக் கொடுக்கும். வெறும் மைக்குக்கு மடலும் இல்ல, குழாயும் இல்ல. அதனால அங்க கோட்டை நம்பாம காதை நம்பணும். பஞ்சு சரியா ஒட்டலைன்னா பேஸ், அதாவது அடித்தொனி, அளவே பொய்யாம். நியாயம்தான்.

காருகுறிச்சி அருணாசலம் போட்டோம். தவில் கும்முன்னு அமுக்காம விலகி நின்னுச்சு, நாயனத்துக்குப் பின்னால சுருதி தனியாத் தெரிஞ்சுச்சு. பழைய பதிவோட இரைச்சல் அப்படியேதான் இருக்கு. அதுக்கு ஈக்குவலைசர் என்ன செய்யும்?

மைக் விலை ஹெட்போனை விடக் கூடுதல்னு அக்காகிட்ட யாரும் சொல்லிராதீங்க.