பேச வைக்கும் விளையாட்டுகள்: ஆங்கில வகுப்பறை நாட்குறிப்பு

ஜூலை 3, திங்கள்

ஆங்கிலப் பேச்சு விளையாட்டுகள் என்று எந்தப் பட்டியலைப் புரட்டினாலும் முதல் இடத்தில் 'சைமன் சேஸ்' இருக்கிறது. இன்று நான்காம் வகுப்பில் அதை விளையாடினோம். 'சைமன் சேஸ், டச் யுவர் நோஸ்' என்றால் மூக்கைத் தொட வேண்டும். 'சைமன் சேஸ்' இல்லாமல் வெறும் கட்டளை மட்டும் வந்தால் அசையாமல் நிற்க வேண்டும். உடல் உறுப்புகளின் பெயர்கள் எல்லாருக்கும் பிசகில்லாமல் புரிந்திருந்தன, சிரிப்புக்கும் குறைவில்லை. ஆனால் விளையாட்டு முழுவதும் ஆங்கிலம் பேசியவர் கட்டளையிட்ட ஆசிரியர் ஒருவர்தான்.

கேட்பதற்கு ஏற்ப உடலை அசைத்து மொழியைக் கற்கும் இந்த வழியை 1960களில் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் ஒரு கற்பித்தல் முறையாகவே வளர்த்தெடுத்தார். குழந்தையைப் பேசும்படி நெருக்காமல், முதலில் கேட்டுப் புரிந்துகொள்ள அவகாசம் தர வேண்டும் என்பது அவருடைய கருத்து. ஆங்கிலத்தை அப்போதுதான் கேட்கத் தொடங்கும் வகுப்புக்கு அது நல்ல தொடக்கம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அது கேட்டல் விளையாட்டு. பேச்சு விளையாட்டாக வேண்டுமென்றால் கட்டளையிடும் இடத்துக்குப் பிள்ளைகள் வர வேண்டும். எனவே இரண்டாம் சுற்றில் நால்வர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, கட்டளையிடும் பொறுப்பை அவர்களிடமே விட்டேன்.

'அவுட்' ஆனவர் உட்கார்ந்துவிட வேண்டும் என்ற விதியையும் நீக்கிவிட்டேன். யாருக்கு ஆங்கிலம் குறைவாகப் புரிகிறதோ அவர்தான் முதலில் வெளியேறுவார். பயிற்சி அதிகம் தேவைப்படும் பிள்ளையையே வேடிக்கை பார்க்க உட்கார வைப்பதில் என்ன நியாயம் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அதற்கு மாற்றாக, தவறியவரே அடுத்த கட்டளையை இட வேண்டும் என்று வைத்தோம். கட்டளையிடும் ஆசையில் சிலர் வேண்டுமென்றே தவறினார்கள். அதனால் ஒரு நட்டமும் இல்லை.

ஜூலை 5, புதன்

ஒரு சிறு கணக்கு. பாடவேளை 40 நிமிடம், வகுப்பில் 36 பேர். வருகைப் பதிவும் விதிகளை விளக்குவதும் போக 30 நிமிடம் மிஞ்சினால், ஒருவர் பின் ஒருவராக எழுந்து பேசும் எந்த விளையாட்டிலும் ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. அதே வகுப்பை இருவர் இருவராகப் பிரித்தால் ஒரே நேரத்தில் 18 பேர் பேசுகிறார்கள். பத்து நிமிட விளையாட்டிலேயே ஆளுக்கு ஐந்து நிமிடப் பேச்சு அமைந்துவிடுகிறது. எந்த விளையாட்டைத் தேர்ந்தாலும் நான் முதலில் பார்ப்பது இந்தக் கணக்கைத்தான்.

இந்த ஐந்து நிமிடம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு கனடிய மொழியியலாளர் மெரில் ஸ்வெய்னின் ஆய்வு நல்ல விடை தருகிறது. கனடாவில் பிரெஞ்சு மொழி வழியாகப் பாடங்களைக் கற்ற குழந்தைகள், பல ஆண்டுகள் அம்மொழியைக் கேட்டு நன்றாகப் புரிந்துகொள்ளும் நிலைக்கு வந்த பின்னரும், பேசும்போது இலக்கணத்தில் பின்தங்கியிருந்தார்கள். கேட்டல் மட்டும் போதாது, பேசியாக வேண்டிய தேவையும் கற்றலுக்கு வேண்டும் என்று 1985இல் அவர் வாதிட்டார். தான் சொல்ல நினைப்பதற்கும் தன்னால் சொல்ல முடிவதற்கும் உள்ள இடைவெளி, வாயைத் திறக்கும்போதுதான் பிள்ளைக்கே தெரிகிறது.

காதோடு காதாக வாக்கியத்தைக் கடத்தும் விளையாட்டை இந்தக் கணக்கிலேயே ஒதுக்கிவிடலாம். ஆளுக்கு ஒரு வாக்கியம், அதுவும் கிசுகிசுப்பாக; வாக்கியம் சிதைந்தால்தான் வேடிக்கை.

18 பேர் ஒரே நேரத்தில் பேசும் வகுப்பு அமைதியாக இருக்காது என்பது உண்மைதான். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. பேச்சை நிறுத்த நான் கத்துவதில்லை. கையை உயர்த்துகிறேன், பார்த்தவர்கள் பேச்சை நிறுத்தித் தாமும் கையை உயர்த்துகிறார்கள், சற்று நேரத்தில் வகுப்பு அடங்கிவிடுகிறது.

ஜூலை 10, திங்கள்

பென்சிலைக் கையில் தூக்கிக் காட்டி 'வாட் இஸ் திஸ்?' என்று ஆசிரியர் கேட்கிறார். அது பென்சில் என்று அவருக்கும் தெரியும், வகுப்புக்கும் தெரியும். பதில் வருகிறது, ஆனால் யாரும் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. அதே பென்சிலைப் பைக்குள் மறைத்துவிட்டு, உள்ளே என்ன என்று கண்டுபிடிக்கச் சொன்னால் கேள்விகள் தாமாகவே பிறக்கின்றன. பேசுவதற்குக் காரணம் வேண்டும். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமல் இருப்பதே அந்தக் காரணம்.

இதைத் தென்னிந்தியப் பள்ளிகளிலேயே பெரிய அளவில் சோதித்துப் பார்த்தவர் ஆங்கிலக் கற்பித்தல் அறிஞர் என். எஸ். பிரபு. 1979 முதல் 1984 வரை நடந்து, 'பெங்களூர் திட்டம்' என்று உலகெங்கும் அறியப்பட்ட அந்த முயற்சியில், இலக்கணத்தை வரிசையாக நடத்துவதை விட்டுவிட்டு, பிள்ளைகள் சிந்தித்து முடிக்க வேண்டிய பணிகளையே பாடமாக வைத்தார்கள். அப்பணிகளை அவர் மூன்றாக வகுத்தார்: ஒருவரிடம் உள்ள தகவலை மற்றவருக்குச் சேர்ப்பது, தரப்பட்ட தகவலிலிருந்து புதிய முடிவை எட்டுவது, சொந்த விருப்பத்தையோ கருத்தையோ சொல்வது. அவற்றுள் காரணமறிந்து முடிவெடுக்கும் இரண்டாம் வகையே வகுப்பறைக்கு மிகவும் பயன்பட்டது என்பது அவர் கண்டது. சிறு பிள்ளைகளிடம் நான் முதல் வகையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் அதற்குத் தேவைப்படும் வாக்கியங்கள் மிகச் சிலவே.

இன்று வித்தியாசம் கண்டுபிடிக்கும் விளையாட்டு. ஒரே அறையின் படம் இரண்டு. ஐந்து இடங்களில் மட்டும் வேறுபாடு. இணையில் ஒருவருக்கு ஒரு படம், மற்றவருக்கு இன்னொன்று. அடுத்தவர் படத்தைப் பார்க்கக் கூடாது. முதுகோடு முதுகாக உட்கார வைப்பதைப் பலர் பரிந்துரைக்கிறார்கள், ஆனால் அப்போது குரல் எதிர்த்திசையில் போவதால் எல்லாரும் கத்தத் தொடங்குகிறார்கள். எதிரெதிரே உட்கார்ந்து, நடுவில் புத்தகப் பையை நிமிர்த்தி வைத்துக்கொள்வதே போதுமானது.

மூன்றாம் வரிசையில் ஒரு மாணவி 'கேட்... அண்டர் டேபிள்?' என்றாள். எதிரில் இருந்தவன் 'நோ' என்றதோடு நிறுத்திக்கொண்டான். அவள் தன் படத்தைப் பார்த்தாள், கரும்பலகையில் எழுதியிருந்த வாக்கிய வடிவத்தைப் பார்த்தாள், பிறகு 'இஸ் தேர் எ டாக் அண்டர் தி டேபிள்?' என்று முழுவதாகக் கேட்டாள். 'யெஸ்! தேர் இஸ் எ டாக்' என்றான் அவன். இருவரும் படத்தில் வட்டமிட்டார்கள். நான் திருத்தவில்லை, முழு வாக்கியம் பேசு என்று சொல்லவும் இல்லை. அவனிடமிருந்து சரியான விடையைப் பெற அவளுக்கு அந்த வாக்கியம் தேவைப்பட்டது, எடுத்துக்கொண்டாள்.

ஜூலை 13, வியாழன்

இன்று 'இருபது கேள்விகள்'. ஒருவர் ஒரு விலங்கையோ பொருளையோ மனதில் நினைத்துக்கொள்கிறார். மற்றவர்கள் ஆம், இல்லை என்று மட்டும் விடை வரும் கேள்விகளைக் கேட்டு அதைக் கண்டுபிடிக்க வேண்டும். இதில் பேச்சின் சுமை முழுவதும் கேட்பவர் பக்கம்தான். விடையளிப்பவருக்கு 'யெஸ், இட் இஸ்', 'நோ, இட் இஸ்ன்ட்' என்ற இரண்டே வாக்கியங்கள் போதும். ஆகவே வகுப்பில் வாயே திறக்காத பிள்ளையை இரகசியத்துக்கு உரியவராக உட்கார வைக்கிறேன். எல்லாரும் அந்தப் பிள்ளையின் விடைக்காகக் காத்திருக்கிறார்கள். சொல்ல வேண்டியதோ மிகக் குறைவு. சில சுற்றுகள் கழிந்த பின் அந்தப் பிள்ளையே கேள்வி கேட்கும் பக்கத்துக்கு வரட்டும்.

காத்திருப்பது குறித்தும் ஒரு செய்தி. கேள்வி கேட்ட பின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டினால் மாணவர்களின் விடைகள் நீளமாகின்றன, தாமாக முன்வந்து பேசுவோரும் கூடுகிறார்கள் என்றும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோவ் 1970களில் காட்டினார். அவர் ஆராய்ந்தது அறிவியல் வகுப்புகளை; வேற்று மொழியில் வாக்கியத்தைக் கட்ட வேண்டிய பிள்ளைக்கு அதைவிடவும் நேரம் தேவைப்படும். மனதிற்குள் மூன்று எண்ணிப் பாருங்கள், எவ்வளவு நீளமான அமைதி என்பது விளங்கும்.

ஜூலை 20, வியாழன்

'இன்னது செய்பவரைத் தேடு' என்ற கட்ட விளையாட்டு. தாளில் ஒன்பது கட்டங்கள். நீந்தத் தெரிந்தவர், தம்பி உள்ளவர், மழையைப் பிடிக்காதவர் என்று ஒவ்வொன்றிலும் ஒரு குறிப்பு. வகுப்பில் நடந்து, 'கேன் யூ ஸ்விம்?' என்று கேட்டு, ஆம் என்பவரின் பெயரை எழுத வேண்டும். கவனிக்காவிட்டால் பிள்ளைகள் தாளைக் கைமாற்றிப் பெயர்களைப் பார்த்தெழுதி இரண்டே நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். 'வேர்?', 'வென்?' என்று இன்னொரு கேள்வி கேட்டு அதன் விடையையும் எழுதினால்தான் கட்டம் நிறையும் என்ற ஒரு விதி அதைத் தடுத்துவிடுகிறது.

நடுவே தாய்மொழி புகுந்ததா என்றால், புகுந்தது. 'நீ ஏற்கெனவே அவனிடம் கேட்டுவிட்டாய்', 'என் முறை இது' என்ற சச்சரவுகள் எல்லாம் தாய்மொழியில்தான் நடந்தன. அதற்கு அபராதம் போடும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. அபராதத்தால் ஆங்கிலம் வருவதில்லை, மௌனம்தான் வருகிறது. ஆட்டத்துக்கான கேள்வியும் விடையும் ஆங்கிலத்தில் இருந்தால்தான் செல்லும் என்பது மட்டுமே எங்கள் விதி. சச்சரவுக்கும் ஆங்கிலம் கற்பிக்கலாம்: 'இட்ஸ் மை டர்ன்' என்பதைக் கரும்பலகையின் மூலையில் எழுதி வைத்ததும், பாடத்தில் உள்ள எந்த வாக்கியத்தையும்விட விரைவாக அது பரவியது.

பிழைகளை ஆட்டத்தின் நடுவே திருத்தாமல் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறேன். ஆட்டம் முடிந்ததும் இரண்டு மூன்றை மட்டும், யார் சொன்னது என்று குறிப்பிடாமல், கரும்பலகையில் எழுதி வகுப்பையே திருத்தச் சொல்கிறேன். பொருளே புரியாமல் ஆட்டம் தடைப்பட்டால் மட்டும் உடனே தலையிடுகிறேன்.

ஜூலை 27, வியாழன்

சரளம் வேறு பயிற்சியைக் கேட்கிறது. ஒரே செய்தியை முதலில் நான்கு நிமிடம், பிறகு வேறொருவரிடம் மூன்று நிமிடம், பிறகு இன்னொருவரிடம் இரண்டு நிமிடம் என்று சொல்லும் முறையை 1983இல் கீத் மாரிஸ் முன்வைத்தார். மொழிக் கற்பித்தல் ஆய்வாளர் பால் நேஷன் பின்னர் அதை ஆராய்ந்து பரவலாக்கினார். கேட்பவர் ஒவ்வொரு முறையும் புதியவர் என்பதால், திரும்பச் சொல்வது வெறும் ஒப்பித்தலாக ஆவதில்லை. சிறு பிள்ளைகளுக்கு நான்கு நிமிடம் மிக நீளம். எனவே 90 விநாடி, 60 விநாடி, 45 விநாடி என்று குறைத்து, இரண்டு வரிசைகளை எதிரெதிரே நிறுத்தி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வரிசையை ஓரிடம் நகர்த்தினேன். கையில் நான்கு படங்கள் கொண்ட ஒரு கதைத் தாள்.

முதல் சுற்றில் 'அண்ட் தென்... அண்ட் தென்...' என்று இழுத்துக்கொண்டிருந்த ஒரு மாணவன், மூன்றாம் சுற்றில் படத்தைப் பார்க்காமலே கதையை முடித்துவிட்டு, மணி அடிக்கக் காத்து நின்றான். இலக்கணப் பிழைகள் மூன்று சுற்றிலும் அப்படியே இருந்தன. சரளத்துக்கான பயிற்சியில் திருத்தத்தையும் எதிர்பார்ப்பது ஒரே விளையாட்டின் தலையில் இரண்டு வேலையைக் கட்டுவதாகும்; பிழைகளை அடுத்த பாடவேளையில் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த வாரம் வித்தியாசப் படங்களைப் பிள்ளைகளே வரையப் போகிறார்கள். படத்தில் பத்துப் பொருள்கள், அவற்றில் ஐந்து இடம் மாறியிருக்க வேண்டும், வரையும் ஒவ்வொரு பொருளின் ஆங்கிலப் பெயரும் வரைபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். ஐந்து போதாது, ஏழு வேண்டும் என்று கடைசி வரிசையிலிருந்து கோரிக்கை வந்திருக்கிறது.