பெரியப்பாவும் ஐஸ் சண்டையும்

மும்பை செம்பூரில் வளர்ந்த எங்களுக்கு ஐஸ் என்றால் மீன் கூடைக்கு அடியில் கிடப்பது, இல்லாவிட்டால் ஜூஹு கடற்கரையில் குச்சியில் செருகி விற்கும் கோலாவுக்குச் சீவுவது. அதன் மேல் காலில் கத்தி கட்டிக்கொண்டு ஃபிகர் ஸ்கேட்டிங் என்று ஆடுவார்கள் என்பதே தொண்ணூறுகளில் கேபிள் வந்த பிறகுதான் தெரியும். ராத்திரி பத்தரை மணிக்கு, ஃபேன் முழு வேகத்தில் சுற்ற, பெரியப்பா பனியனோடு உட்கார்ந்து பார்ப்பார். "ஏண்டா, இது நெஜப் போட்டியா, இல்ல டபிள்யூடபிள்யூஎஃப் மாதிரியா?"

முடிவை முன்னாலேயே பேசிவைத்து ஆடும் அமெரிக்க மல்யுத்த நிகழ்ச்சி அது. அவர் கேட்டதில் தப்பில்லை. 1994 ஜனவரியில் டெட்ராய்ட்டில் அமெரிக்க ஸ்கேட்டர் நான்சி கெரிகனின் காலில் ஒருத்தன் தடியால் அடித்தான். அதற்குப் பின்னால் இருந்தது அவருடைய போட்டியாளர் டோன்யா ஹார்டிங்கின் முன்னாள் கணவன். அடுத்த மாதமே லில்லெஹாமர் ஒலிம்பிக்கில் இருவரும் ஒரே ஐஸில் இறங்க, அமெரிக்காவே டிவி முன்னால் உட்கார்ந்தது. அப்புறம் டிவிக்காரர்கள் விடுவார்களா? அந்த வருஷக் கடைசிக்குள்ளேயே அமெரிக்க டிவி சேனல் சிபிஎஸ் 'ஐஸ் வார்ஸ்' ஆரம்பித்துவிட்டது, அமெரிக்கா ஒரு பக்கம், மீதி உலகம் மறுபக்கம். தகுதிச்சுற்று ஒன்றும் கிடையாது, கூப்பிட்டால் வருவார்கள், ஆடுவார்கள், பணத்தை வாங்கிக்கொண்டு போவார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது, ஒலிம்பிக்கில் பார்க்க முடியாததெல்லாம் இந்த மாதிரிப் போட்டிகளில்தான் கிடைத்தது. அங்கே தனி ஆட்டத்துக்குப் பாடகர் குரல் உள்ள பாட்டே வைக்கக் கூடாது (2014 வரைக்கும் இதே கதை), குட்டிக்கரணம் எழுபதுகளிலிருந்தே தடை. இங்கே ஸ்காட் ஹாமில்டன் பாட்டு முடியப்போகும் நேரம் பார்த்துப் பின்னால் எகிறி ஒரு கரணம் அடிப்பார், இத்தனைக்கும் 1984 தங்கப் பதக்கக்காரர், கூட்டம் எழுந்துவிடும். பிரெஞ்சு ஆட்டக்காரி சூர்யா போனாலி அதையே 1998 நாகானோ ஒலிம்பிக்கில் அடித்து ஒற்றைக் காலில் இறங்கினார், வேண்டுமென்றேதான்! மார்க்கைக் குறைத்தார்கள். கடைசியில் 2024இல் தடையையே எடுத்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

என் மனசில் நிற்பவர் ரஷ்யாவின் எகதெரினா கோர்தேயெவா. கணவர் செர்கேய் கிரின்கோவோடு ஜோடியாக 1988, 1994 இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம். 1995 நவம்பரில் லேக் பிளாசிடில் பயிற்சியின்போது கிரின்கோவ் ஐஸிலேயே மாரடைப்பில் சரிந்து இறந்தார், வயது 28. பிறகு இந்த டிவிப் போட்டிகளில் கோர்தேயெவா தனியாக வந்தார். தூக்கிவிட ஆள் இல்லை, தனி ஆட்டக்காரர்கள் மாதிரி பெரிய தாவல்களும் இல்லை. கையை நீட்டிக்கொண்டு ஒரு வளைவு திரும்புவார் பாருங்கள், அந்தக் கை பக்கத்தில் யாரோ இருக்கிற மாதிரியே போகும்.

ஆட்டம் முடிந்து திரையில் மார்க் வந்தது. கீரை ஆய்ந்துகொண்டிருந்த பெரியம்மா நிமிர்ந்து, "இதுக்குப் போய் மார்க் போட இவங்க யாரு?" என்றார். பெரியப்பா அன்றைக்கு டபிள்யூடபிள்யூஎஃப் பேச்சை எடுக்கவில்லை.