கம்பியின் உயரம்

கிட்டார் கற்கத் தொடங்குவோர் பலர், ஐயாயிரம் ரூபாய்க் கிட்டாரில் விரல் பழகுமா என்றுதான் என்னிடம் முதலில் கேட்கிறார்கள். கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகப் பட்டைகளான ஃபிரெட்டுகளில் 12ஆவதற்கு மேலே கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள் என்பதே என் பதில்.

என்னுடைய முதல் கிட்டாரும் மலிவானதுதான். அதில் எஃப் கார்டு என்ற, பல சுரங்கள் சேர்ந்தொலிக்கும் பிடியைப் பிடிக்க ஆறு மாதம் போராடினேன். சுட்டுவிரலை ஆறு கம்பிகளின் மேலும் படுக்கவைத்து எவ்வளவு அழுத்தினாலும் இரண்டு கம்பிகளாவது ஒலிக்காமல் அடங்கிவிடும். விரலில் கம்பித் தடம் பதிந்து, மணிக்கட்டு வலித்து, என் கைக்கு இது வராது என்றே முடிவுகட்டியிருந்தேன். வாத்தியம் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் இரும்பு அளவுகோலை வைத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டிய தடித்த கம்பி நான்கைத் தாண்டி நின்றது. அவர் கிட்டாரின் உடலில் கம்பிகளைத் தாங்கும் சாடிலைக் கழற்றி, அதன் அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்தார். அங்கே இரண்டு மில்லிமீட்டர் குறைத்தால்தான் 12ஆம் ஃபிரெட்டில் ஒன்று இறங்கும் என்பதால், தேய்ப்பதும் பொருத்திப் பார்ப்பதுமாக வெகுநேரம் பிடித்தது. பிறகு கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் பதியும் நட்டின் காடிகளைச் சிற்றரத்தால் ஆழமாக்கி, தடித்த 12 கேஜ் கம்பிகளை எடுத்துவிட்டு மெல்லிய 10 கேஜ் போட்டார். அன்று மாலையே எஃப் கார்டு முழுதாக ஒலித்தது.

விரல் வலியைவிட எனக்குக் கவலை தருவது காதுதான். உயரத்தில் நிற்கும் கம்பியை ஃபிரெட் வரை அழுத்தும்போது அது கூடுதலாக இழுபட்டுச் சுருதி ஏறிவிடுகிறது. அதனால் திறந்த கம்பிகளைச் செல்பேசிச் செயலியில் துல்லியமாகச் சுருதி சேர்த்திருந்தாலும் கார்டு பிசிறடிக்கும். புதிதாகக் கற்பவரின் காது அந்தப் பிசிறையே சரியென்று பழகிக்கொள்ளும். வீணைக்காரர்கள் இதை நன்றாக அறிவார்கள்: எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வீணையானாலும், மெழுகில் பதித்த 24 மெட்டுகளையும் காதால் கேட்டு இடம் பார்த்து மேளம் கட்டினால்தான் அது வாசிப்புக்கு ஆகும். கிட்டாரையோ நம் கடைகள் பெரும்பாலும் பெட்டியிலிருந்து எடுத்தபடியே கையில் கொடுத்துவிடுகின்றன, அது எனக்கு மிகுந்த வருத்தம்.

எல்லாக் குறையையும் தேய்த்துச் சரிசெய்துவிட முடியாது. கடையிலேயே 12ஆம் ஃபிரெட்டின் நேர்மேலே கம்பியை விரலால் மெல்லத் தொட்டு மீட்டி, உடனே அதே இடத்தில் அழுத்தி மீட்டிப் பாருங்கள். இரண்டும் ஒரே மேல் ஷட்ஜமாகக் கேட்க வேண்டும். சற்றே ஏறிக் கேட்டால் கம்பியை இறக்கிச் சரிசெய்ய வழியுண்டு. காதைக் கூசவைக்கும் அளவு விலகினாலோ, கழுத்து வளைந்து அதை நிமிர்த்த உள்ளே இரும்புத் தண்டும் இல்லாமலிருந்தாலோ, பாதி விலைக்குக் கொடுத்தாலும் அதை வாங்காதீர்கள்.