கூப்பிட்டால் திரும்ப வேண்டும்

எங்கள் வீட்டுக்கு ராஜபாளையம் குட்டி ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. பெட்டைக் குட்டி. உடம்பு முழுக்கப் பால் வெள்ளை, மூக்கு ரோஸ், காதின் உட்பக்கமும் அடிவயிறும் அதே ரோஸ், கண் மட்டும் இளம் பொன் நிறம். நாங்கள் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில், ராஜபாளையம் பக்கத்து ஊர்தான், ஆனாலும் வீட்டில் இந்த ஜாதி நாய் வளர்ப்பது இதுவே முதல் தடவை. குட்டியைத் தேர்ந்தெடுக்க ஆன நேரத்தைவிடப் பெயர் வைக்க ஆன நேரம் பல மடங்கு அதிகம். அந்தப் பேச்சில் கற்றுக்கொண்டதை எழுதி வைக்கிறேன், ஏனென்றால் வெள்ளை நாய்க்குப் பெயர் தேடுகிறவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று இதில் இருக்கிறது, அதை யாரும் முதலில் சொல்வதில்லை.

வீட்டில் ஆளுக்கொரு பெயர். அப்பா பார்த்ததுமே ‘வெள்ளச்சி’ என்றார். அண்ணன் மகளுக்கு ‘ஸ்நோயி’. தம்பி, பால்கோவா ஊரில் பிறந்துவிட்டு வேறென்ன பெயர் வைப்பீர்கள், ‘கோவா’தான் என்று பிடிவாதம் பிடித்தான். அம்மா ‘மல்லி’ என்றார். அத்தை உடனே, எதிர்வீட்டு மல்லிகாவை அவள் அம்மா மல்லி என்றுதானே கூப்பிடுகிறாள், நீ இங்கிருந்து மல்லி வா, மல்லி போ, மல்லி செருப்பைக் கடிக்காதே என்று கத்தினால் அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டார். நியாயம்தானே. ‘முத்து’வும் இதனால்தான் போனது. எங்கள் தெருவில் முத்து என்று ஒரு குரல் கொடுத்தால் டீக்கடையிலிருந்து ஒருவர், சைக்கிள் கடையிலிருந்து ஒருவர் என்று எட்டிப் பார்ப்பார்கள். ‘சங்கு’ என்று நான் சொன்னேன், எனக்கு ரொம்பப் பிடித்த பெயர். நல்ல நாளும் அதுவுமாகச் சங்கு சங்கு என்று வாசலில் நின்று கூப்பிடுவாயா என்று அம்மா ஒரே போடாகப் போட்டார்.

வெள்ளை நிறத்தைச் சொல்லும் பெயருக்குத் தமிழில் பஞ்சமே இல்லை. பஞ்சு, தும்பை, முல்லை, அன்னம், நிலா, முகில், வெண்ணெய், கற்பூரம், உப்பு, இட்லி. எல்லாம் நல்ல பெயர்கள். ஆனால் குட்டியைக் கொடுத்தவர் வீட்டில் நான் கவனித்த ஒன்று இருக்கிறது. அங்கே தாய், தாயின் அக்கா, போன ஈற்றில் நிறுத்திக்கொண்ட ஆண் நாய் என்று எல்லாமே வெள்ளை. அதில் ஒன்றைக்கூட நிறத்தை வைத்துக் கூப்பிடவில்லை. எல்லாம் வெள்ளையாக இருக்கும் இடத்தில் வெள்ளச்சி என்று கூப்பிட்டால் எது வரும்? அங்கே பெயர்கள் எல்லாம் குணத்தில் இருந்து வந்தவை. தாயின் பெயர் வீரி. சாந்தமாக இருந்த பெரியம்மா நாய்க்கு ராணி. அந்த இனத்தோடே வாழ்கிறவர்களுக்கு நிறம் கண்ணில் படுவதே இல்லை, நமக்குத்தான் அது முதலில் தெரிகிறது. நாய்க்கும் தன் நிறம் ஒரு பொருட்டில்லை. நாயின் கண்ணுக்கு நீலமும் மஞ்சளும் நன்றாகத் தெரியும், சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது, அவ்வளவுதான். அது நம்மை அறிவது மூக்காலும் காதாலும்.

எடுத்தனூர் நடுகல்லைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வருவது புரியும். செங்கம் பக்கம், திருவண்ணாமலை மாவட்டம். மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல், 7-ஆம் நூற்றாண்டு. எருமை மந்தையைக் காக்கப் போய் உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்காக நட்டது. அவன் உருவத்துக்குப் பக்கத்தில் ஒரு நாயும் நிற்கிறது. அந்த நாய் கள்ளனைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்லிலேயே எழுதி, அதன் பெயரையும் வெட்டி வைத்திருக்கிறார்கள்: கோவிவன். ஏறக்குறைய 1400 வருடங்கள் ஆகிவிட்டன. அந்த நாய் வெள்ளையா கருப்பா செவலையா, யாரும் எழுதவில்லை. பெயரும் அது செய்த வேலையும் எழுதியிருக்கிறது. ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டச் சொன்ன அந்த ஊர்க்காரர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு நெகிழும். கோவிவன் என்றே வைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன், பெட்டைக்குட்டி என்பதால் விட்டுவிட்டேன்.

அப்புறம் கூப்பிட்டுப் பார்க்கும் வேலை. பெயரை எழுதிப் பார்த்து முடிவு செய்யக்கூடாது, மொட்டைமாடியில் நின்று தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரிக் கத்திப் பார்க்க வேண்டும். நம் ஊரில் மணி, ஜிம்மி, டாமி, ரோசி எல்லாம் இத்தனை தலைமுறையாக ஓடுவதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டே அசை, கடைசியில் ‘ஈ’ என்று எவ்வளவு தூரமும் இழுக்கலாம், இழுத்தாலும் பெயர் உருக்குலையாது. ‘கற்பூரம்’ என்று இழுத்துப் பாருங்கள், வாய் மூடிக்கொள்ளும், சத்தம் அங்கேயே நின்றுவிடும். நிலா அழகான பெயர், ஆனால் ‘நில்’ என்று பழக்கப்போகிற நாய்க்கு அது ஆகாது. ஓடி வா என்று கூப்பிடுகிறோமா, அங்கேயே நில் என்கிறோமா என்று பாவம் அது குழம்பும். நாய்க்கு நம்மைப் போல இரண்டு மடங்குக்கு மேல் உச்ச ஒலி கேட்கும், நமக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரை என்றால் அதற்கு 45,000 வரை. ஆனால் வார்த்தையைப் பிரித்துப் புரிந்துகொள்வது வேறு விஷயம், அதை நாம்தான் சுலபமாக்கிக் கொடுக்க வேண்டும்.

இப்படிப் பெயர்களைக் கூப்பிட்டுப் பார்க்கும்போதுதான் நான் மேலே சொன்ன அந்த விஷயம் தெரிய வந்தது.

குட்டி கூடத்தில் உட்கார்ந்து என் வேட்டி நுனியை மென்றுகொண்டிருந்தது. அடுக்களை வாசலில், அதன் இடது பக்கமாக நின்று அத்தை கூப்பிட்டார். குட்டி நிமிர்ந்தது, வலது பக்கம் திரும்பியது. அங்கே சுவர். மறுபடியும் கூப்பிட்டார். மறுபடியும் வலது பக்கம், இந்தத் தடவை எழுந்து சுவருக்கே போய் மோந்து பார்த்தது. அப்புறம் தலையை ஒரு சுற்றுச் சுற்றி அத்தையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வாலை ஆட்டிக்கொண்டு ஓடியது. அத்தை வலது பக்கம் போய் நின்று கூப்பிட்டால் டக்கென்று சரியாகத் திரும்புகிறது. வலது காதைத் தரையில் வைத்துத் தூங்கும்போது கை தட்டினால் அசைவதில்லை. புரண்டு படுத்தால் மெல்லிய சத்தத்துக்கும் எழுந்துவிடுகிறது.

கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு, காதில் புண்ணோ அழுக்கோ இல்லை, இடது காது பிறவியிலேயே கேட்காமல் இருக்க வாய்ப்பு அதிகம் என்றார். உறுதியாகச் சொல்ல, காதிலிருந்து மூளைத்தண்டுக்குப் போகும் மின் அலையைப் பதிவு செய்யும் ‘பேயர்’ பரிசோதனை வேண்டும், ஒரு காது மட்டும் கேட்காததை வீட்டில் கைதட்டிப் பார்த்து முடிவுகட்ட முடியாது. எங்கள் கண்ணில் பட்டது அதிர்ஷ்டம். ஒரு காது கேட்கும் நாய் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொல்லும், சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதில்தான் தடுமாறும்.

இது வெள்ளை நிறத்தோடு சேர்ந்து வருவது. தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுக்கும் செல்கள்தான் உள்காதிலும் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து, அங்கே இருக்கும் திரவத்தைச் சரியான நிலையில் வைத்திருக்க உதவுகின்றன. அந்தச் செல்கள் உடம்பில் போய்ச் சேராததால் வெள்ளையான நாய்களில் சிலவற்றுக்கு உள்காதிலும் அவை போய்ச் சேர்வதில்லை. குட்டியின் காது திறப்பது ஏறக்குறைய 2 வாரத்தில், அதற்கடுத்த சில வாரங்களுக்குள் கேட்கும் திறன் போய்விடுகிறது. வெள்ளை உடம்பில் புள்ளி போட்ட டால்மேஷன் நாய்களில் இதை நிறையச் சோதித்திருக்கிறார்கள், அமெரிக்காவில் சோதித்தவற்றில் சுமார் 30 சதவீதத்துக்கு ஒரு காதோ இரண்டு காதுமோ கேட்கவில்லை. எல்லா வெள்ளையும் ஒரே வெள்ளை இல்லை. நம் ஊரில் பொமரேனியன் என்று எல்லோரும் சொல்லும் அந்தப் புசுபுசு வெள்ளை நாயின் மூக்கைப் பாருங்கள், கன்னங்கரேல் என்று இருக்கும். அங்கே நிறச் செல்கள் இருக்கின்றன, முடியில்தான் நிறம் வெளுத்திருக்கிறது. சமோயெட் நாயும் அப்படித்தான், அவற்றுக்கு இந்தத் தொந்தரவு அரிது. ராஜபாளையத்தின் ரோஸ் மூக்கு வேறு கதை. அந்த ரோஸ் மூக்கைத்தான் இனத்தின் அடையாளம் என்று தேடித்தேடி வாங்குகிறோம். 2005-இல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் இருந்தது, எங்கள் வட்டாரத்துக்கே பெருமை. அந்தப் பெருமை இருக்கிறவர்கள், இனம் சேர்க்கும் முன் தாய்க்கும் தகப்பனுக்கும் காது சோதித்துவிட வேண்டும் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். எங்கள் குட்டியை நாங்கள் இனத்துக்கு விடப்போவதில்லை, மருத்துவர் சொல்லும் வயதில் கருத்தடை செய்துவிடுவோம்.

ஆகவே வெள்ளைக் குட்டி எடுத்தால் பெயருக்கு முன்னால் காதைப் பாருங்கள். குட்டி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் இருந்து சத்தம் கொடுங்கள், காற்று படக்கூடாது, தரை அதிரக்கூடாது, ஒவ்வொரு பக்கமாக. இரண்டு காதும் கேட்காத குட்டி என்றாலும் ஒதுக்கிவிடாதீர்கள். அதற்கும் பெயர் உண்டு, கையால் காட்டும் பெயர். உள்ளங்கையை விரித்து உயர்த்தினால் அதுதான் பெயர், பார்த்ததும் சோறோ தடவலோ கிடைக்கும் என்று பழக்கினால் கண்ணை நம் மேலேயே வைத்திருக்கும்.

எங்கள் குட்டிக்கு வந்த பெயர் தும்பை. தும்பைப்பூ மாதிரி வெள்ளை என்று சொல்லிச் சொல்லியே வந்தது. அண்ணன் மகள் வாயில் அது ஒரே நாளில் ‘தும்பி’ ஆகிவிட்டது, மொட்டைமாடியில் இருந்து இழுத்துப் பார்த்தோம், ‘தும்ப்பீ’ என்று தெருக்கோடி வரை போகிறது. நில், வா, உட்கார் எதோடும் ஒட்டவில்லை. தெருவில் யாருக்கும் அந்தப் பெயர் இல்லை. ஸ்நோயி போனதில் அவளுக்கு வருத்தமில்லை, பெயரை வைத்தது தான்தான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அது உண்மையும்கூட.

பெயரோடு சேர்த்துக் கையையும் தூக்குகிறோம், வீட்டில் எல்லோரும். குரல் கேட்டால் இப்போது தும்பி சுவரிடம் போவதில்லை, நின்று ஒரு சுற்றுப் பார்க்கிறது, தூக்கிய கை எங்கே என்று தேடுகிறது, கண்டதும் பாய்ந்து வருகிறது. நடக்கக் கூட்டிப்போகும்போது நான் அதன் வலது பக்கம்தான் நடக்கிறேன். வண்டிச் சத்தம் கேட்டாலும் அது இடது பக்கம் வருகிறது என்று அதற்குத் தெரியாது என்பதால் பால்காரர், பேப்பர் போடும் தம்பி, எதிர்வீட்டு மல்லிகா எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறோம். 3 மாதம் நிறைந்ததும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட வேண்டும். கழுத்துப்பட்டைக்கு ஒரு தகடு செய்யக் கொடுத்திருக்கிறேன்: ஒரு பக்கம் தும்பி, அப்பாவின் போன் நம்பர், மறுபக்கம் ‘இடது காது கேட்காது’.