மிதந்தால் குற்றவாளி

அப்பரைக் கல்லோடு பிணைத்துக் கடலில் எறிந்தபோது அந்தக் கல்லே தெப்பமாகி அவரைத் திருப்பாதிரிப்புலியூரில் கரைசேர்த்தது என்ற கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆகவே நீரில் மிதப்பது என்றால் தெய்வம் தாங்கிக்கொண்டது என்றே என் மனம் பொருள் கொள்ளும். இடைக்கால இங்கிலாந்தின் நீர்ச் சோதனையைப் பற்றி முதலில் படித்தபோது தடுமாறியது அதனால்தான். அங்கே மிதந்தவர் குற்றவாளி, மூழ்கியவர் நிரபராதி. ஞானஸ்நானம் தரும் நீர் பாவியைத் தன்னுள் ஏற்காது என்பது அவர்களுடைய நம்பிக்கை.

மூழ்கியவர் நிரபராதியாகவே செத்துப்போவார் என்று இதைக் கேலியாகச் சொல்வதுண்டு, அது சரியல்ல. உள்ளே இறக்கப்படுபவரின் உடலில் கயிறு கட்டப்பட வேண்டும் என்று 9ஆம் நூற்றாண்டிலேயே ரெய்ம்ஸ் நகரப் பேராயர் ஹிங்க்மார் எழுதியிருக்கிறார். மூழ்கியவரை உயிரோடு வெளியே இழுப்பதும் அந்தக் கயிற்றின் வேலை.

1166இல் அரசர் இரண்டாம் ஹென்றி கிளாரெண்டனில் பிறப்பித்த ஆணை இதை நாடு தழுவிய நடைமுறையாக்கியது. கொள்ளை, கொலை, திருட்டு ஆகியவற்றில் ஊர்ப் பெரியவர்கள் சத்தியம் செய்து யாரையேனும் சுட்டிக்காட்டினால், அவர் நீர்ச் சோதனைக்கு உட்பட வேண்டும். பாதிரியார் நீரை மந்திரித்த பிறகு, கைகள் கட்டப்பட்ட நிலையில் அவரைக் குழிநீரில் இறக்குவார்கள். தோற்றவருக்கு ஒரு கால் போகும். 1176இல் வந்த ஆணையின்படி வலக்கையும் சேர்ந்து போகும்.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது அதே 1166 ஆணையின் இன்னொரு விதி. சோதனையில் தேறியவராகவே இருந்தாலும், ஊரில் மிகக் கெட்ட பெயர் எடுத்தவராக இருந்தால், அவர் எட்டு நாட்களுக்குள், காற்று சாதகமாக இருந்தால், கடல் கடந்து நாட்டை விட்டு வெளியேறிவிட வேண்டும்! கடவுளே தீர்ப்புச் சொல்லிவிட்டார் என்று நம்புகிற அரசு அந்தத் தீர்ப்புக்கு மேல் இப்படியொரு ஒட்டு விதியைச் சேர்க்குமா? நீரின் சொல்லைவிட ஊரார் சொல்லையே அரசர் பெரிதாக மதித்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

உண்மையில் நீர் அளந்தது நுரையீரலில் இருந்த காற்றையும் உடலில் இருந்த கொழுப்பையும்தான். மூச்சை இழுத்துப் பிடித்தால் மனித உடல் பெரும்பாலும் மிதக்கும்; மூச்சை விட்டுவிட்டால், குறிப்பாக மெலிந்த ஆணின் உடல், அமிழ்ந்துவிடும். அச்சத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்ட அப்பாவிகளை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. நம் நாட்டின் பழைய தரும நூலான யாக்ஞவல்கிய ஸ்மிருதி கூறும் நீர்ச் சோதனையோ மூச்சை நேரடியாகவே சோதிக்கிறது: எய்த அம்பை ஒருவர் ஓடிப்போய் எடுத்துவரும் வரை, நீரில் நிற்கும் இன்னொருவரின் தொடையைப் பற்றியபடி குற்றம் சாட்டப்பட்டவர் மூழ்கியிருக்க வேண்டும். முத்துக்குளிப்பவர் எவரும் இதில் தோற்றிருக்க மாட்டார்.

1215இல் கத்தோலிக்கத் திருச்சபையின் பேரவையான நான்காம் லாத்தரன் சங்கம் இத்தகைய சோதனைகளை ஆசீர்வதிக்கக் கூடாது என்று பாதிரியார்களுக்குத் தடை விதித்தது. மந்திரித்த நீர் இல்லாமல் சோதனை ஏது? 1219இல் இங்கிலாந்து அரசும் அதைக் கைவிட, அந்த வெற்றிடத்தில் ஜூரி விசாரணை வளர்ந்தது.

சட்டம் கைவிட்டதை மக்கள் கைவிடவில்லை. சூனியக்காரிகளைக் கண்டுபிடிக்க 17ஆம் நூற்றாண்டில் அதே முறை மீண்டும் வந்தது. சூனியம் ஒரு குற்றமே அல்ல என்று சட்டம் மாறிய பிறகும், 1751இல் டிரிங் என்ற ஊருக்கு அருகே ரூத் ஆஸ்போர்ன் என்ற முதியவளை ஒரு கூட்டம் இழுத்துச் சென்று குளத்தில் அமிழ்த்தியது. அவள் இறந்துபோனாள். முன்னின்று செய்த தாமஸ் கோலி, கொலைக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டான். அன்று தொலைவில் நின்று வேடிக்கை பார்த்த கூட்டத்தினர், ஒரு பொல்லாத கிழவியைத் தொலைத்ததற்காக ஒரு மனிதனைத் தூக்கிலிடுவது அநியாயம் என்று முணுமுணுத்தார்களாம்.